சாயத்துக்கு அடியில் தெம்மர்மன்

லோகரன், பெல்ஜியம்,
14 செப்டம்பர் 1993

அன்புள்ள தம்பி கமீலுக்கு,

நானும் உன் அத்தான் ஓமரும் நலம். ஓமருக்குப் பெயின்ட் வாடையில் இருமல் மட்டும் நிற்கவில்லை. முகமூடி போடச் சொன்னால், "அதைப் போட்டாத்தான் மூச்சு முட்டுது" என்கிறார். உன் விரல் வெடிப்பு ஆறியதா? சீசன் தொடங்குமுன் நல்ல ரப்பர் கையுறை வாங்கிக்கொள். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கச் சைக்கிள் கழுவுகிறவன் நீ.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு நாம் பேசிய மூன்று முறையும் நான் ரிசீவரை அறைந்து வைத்தேன். காகிதத்தை அறைய முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பட்டறைக்கு ஒருவர் மகளோடு வந்தார். அந்தப் பெண் சேற்றுப் பந்தயம் ஓடுகிறாளாம். நம் சைக்கிளை எடுத்து முற்றத்தில் இரண்டு சுற்று வந்தாள். "அப்பா, நான் நினைக்கறதுக்கு முன்னாடியே திரும்புதுப்பா!" என்று கத்தினாள். அவர் குழாயில் எழுதியிருந்த நம் குடும்பப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெம்மர்மனா? நான் ஞாயித்துக்கிழமை தவறாம டிவியில பந்தயம் பாக்கறவன். இந்தப் பேரை ஒரு தடவகூடப் பாத்ததில்லையே. அவ்வளவு நல்ல சைக்கிள்னா ஏங்க ஒருத்தனும் ஓட்ட மாட்டேங்கிறான்?"

"ஓட்டறவங்களப் போய்க் கேளுங்க" என்றேன். ஓமர் என் காலை மிதித்தார். அவர்கள் போய்விட்டார்கள். மாலையில் தேவாலயத்துக்கு எதிர்க்கடையிலிருந்து அந்தப் பெண் ஒரு கெர்வாண்டா கம்பெனிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்தொன்பது வருடமாக நான் பிரேம் செய்கிறேன், கமீல். கெர்வாண்டா ஓட்டும் உங்கள் அணியில் எட்டு வீரர்கள். நீ தலைமை மெக்கானிக். ஒரே ஒருவரை, ஒரே ஒரு பந்தயத்தில், என் சைக்கிளில் ஏற்று. ஒரு மணி நேரம்தானே ஓடப் போகிறார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா,
ஹெர்லிண்டா


வெட்சிகோன், சுவிட்சர்லாந்து,
27 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமே. நீ சொன்னபடி கையுறை வாங்கிவிட்டேன். அத்தானுக்கு இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ.

அக்கா, உன் சைக்கிளில் குறை இருந்தால் நானே சொல்லியிருப்பேன். வீரர்கள் நல்ல சைக்கிளைத் தேடி எடுத்து ஓட்டுகிறார்கள் என்று அந்த மனிதர் நினைக்கிறார். அப்படி ஒரு வீரனையும் நான் பார்த்ததில்லை. கம்பெனி அணியையே விலைக்கு வாங்குகிறது. சம்பளம், வேன், ஓட்டல், என் கையிலுள்ள ஸ்பேனர் வரைக்கும் கெர்வாண்டா கொடுத்தது. ஒவ்வொரு வீரனுக்கும் மூன்று சைக்கிள். ஒன்று ஓட, ஒன்று கழுவ, ஒன்று உடைந்தால் மாற்ற. சீசன் நடுவில் பத்து பிரேம் கேட்டால் மூன்றாம் நாள் லாரியில் வந்து இறங்குகிறது. நீயும் அத்தானும் மாதத்துக்கு ஐந்து செய்வீர்கள். ஒப்பந்தத்தில் வீரன் பேட்டி கொடுக்கும்போது சைக்கிளின் எந்தப் பக்கம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. உன் பெயரோடு ஒருவன் ஓடினால் அன்று மாலையே அவனும் நானும் வெளியே. கோபப்படாதே.

ஒரு நல்ல செய்தி. எங்கள் அணி தங்கும் இந்த ஊரில் பால்பண்ணை வைத்திருக்கும் ஃப்ரை என்பவர் உன் பிரேம் நான்கு கேட்கிறார். நான்கும் ஒரே அளவு. அளவுத்தாள் இணைத்திருக்கிறேன். பெயின்ட் வேண்டாம், பெயரும் வேண்டாம், அவரே அடித்துக்கொள்வாராம். சீக்கிரம் வேண்டுமாம்.

அன்புத் தம்பி,
கமீல்


லோகரன்,
20 அக்டோபர் 1993

அன்புள்ள கமீலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓமரை டாக்டரிடம் காட்டினேன். பெயின்ட் அறைக்கு ஜன்னல் வைக்கச் சொன்னார். சுவரை இடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தம் பற்றி நீ எழுதியதை ஓமருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப அது பந்தயம் இல்ல, விளம்பரம். நடுவுல கொஞ்சம் சேறு" என்றார்.

நான்கு பிரேமும் இன்று ரயிலில் ஏற்றியாயிற்று. உன் பால்பண்ணைக்காரர் விசித்திரமான ஆள். அளவைப் பார்த்தால் நீண்ட கால், குட்டையான உடம்பு, முன்னால் நன்றாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவர். பந்தயக்காரன் உடம்பு. மாடு வைத்திருக்கிறவருக்கு ஒரே அளவில் நான்கு எதற்கு? போகட்டும். பின்சக்கரத்தின் மேலே இரண்டு மெல்லிய குழாயையும் நான் உள்ளே வளைத்துத் தாழ்வாகப் பற்றவைப்பேன் அல்லவா, சேறு அடைக்காமல் வழிந்து போக? இந்த நான்கிலும் அந்த வளைவை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று எழுது.

டிசம்பர் ஐந்தாம் தேதி உங்கள் பந்தயம் நம் ஊரிலிருந்து இருபது நிமிஷ தூரத்தில். சாப்பிட வா. முயல் கறி வைக்கிறேன்.

அக்கா,
ஹெர்லிண்டா


வெட்சிகோன்,
9 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் நான்கே வரி. பிரேம்கள் வந்தன. ஃப்ரை மிகவும் திருப்தி.

ஒன்று கேட்க வேண்டும். நீ அலுமினியத்தில் செய்வதில்லை, தெரியும். ஆனாலும் அலுமினியக் குழாய்களைப் பசை போட்டு ஒட்டும் பிரேம் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? வாரம் முழுக்க அழுத்தமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அந்தப் பசை விடுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

கமீல்


லோகரன்,
6 டிசம்பர் 1993

கமீலுக்கு,

நான் நலமாக இல்லை. நேற்று மத்தியானம் மூன்று மணி வரை நன்றாக இருந்தேன்.

முயல் கறி அடுப்பில் இருந்தது. நீ வரவில்லை. பந்தயத்தை டிவியில் போட்டு உட்கார்ந்தோம். உங்கள் நட்சத்திரம் ரெனாட் ஸ்லாபிங்க் முன்னால் போனான். நாலாவது சுற்றில் எல்லோருடைய சக்கரமும் சேறு அடைத்து நின்றது; அவனுடையது மட்டும் சுற்றியது. வர்ணனைக்காரன், "கெர்வாண்டா பொறியாளர்கள் என்ன அதிசயம் செய்திருக்கிறார்கள் பாருங்கள்!" என்றான். அப்போது பாதையில் வரும் படிக்கட்டில் ஓடி ஏற ஸ்லாபிங்க் சைக்கிளைத் தோளில் தூக்கினான். கேமரா பின்னாலிருந்து காட்டியது.

ஓமர் கையிலிருந்த முட்கரண்டி விழுந்தது. "ஹெர்லிண்டா, அது உன் வளைவு" என்றார்.

வீடியோ டேப்பில் பதிந்திருந்தோம். பதினோரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் வளைவு, என் பற்றவைப்பு. அதன்மேல் கொட்டை எழுத்தில் கெர்வாண்டா. இன்று காலைப் பேப்பரில் அரைப்பக்க விளம்பரம்: "வென்றது கெர்வாண்டா."

பால்பண்ணைக்காரராம்! ஃப்ரையாம்! அந்தப் பெயரைத் தேட எவ்வளவு நேரம் எடுத்தாய்? நான் அசடு மாதிரி அவருக்காக வளைவைக் கூட்டிச் செய்து, அவர் என்ன சொன்னார் என்று வேறு கேட்டேன்.

உன்னிடம் நான் கேட்டது ஒரு மணி நேரம் என் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பது. நீ என் வேலையை எடுத்துக்கொண்டு பெயரைக் கழற்றிவிட்டாய். அந்தப் பெண்ணின் அப்பா நேற்று டிவி பார்த்திருப்பார். நல்லவேளை கெர்வாண்டா வாங்கினோம் என்று மகளிடம் சொல்லியிருப்பார்.

இருபது நிமிஷ தூரத்தில் நின்று என் சைக்கிளை உன் கையால் கழுவினாய். வாசல்வரை வர உனக்குக் கால் இல்லை.

பதில் எழுது.

ஹெர்லிண்டா


லோகரன்,
22 டிசம்பர் 1993

கமீலுக்கு,

பதினாறு நாள். ஓமர் நலம், நான் நலம், பதில்தான் வரவில்லை. வெட்கப்படுகிறாயா, இல்லை, அடுத்த பொய்க்கு ஆள் தேடுகிறாயா?

இன்னொன்று. ராத்திரியும் பகலும் யோசித்தும் எனக்கு விளங்காதது இது: லாரி லாரியாகப் பிரேம் வரும் இடத்தில், உங்கள் முதல் வீரனுக்கு என் பிரேம் எதற்கு?

ஹெர்லிண்டா


வெட்சிகோன்,
5 ஜனவரி 1994

அக்கா,

புத்தாண்டு வாழ்த்து எழுதும் தகுதி எனக்கில்லை. உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

செப்டம்பரில் பயிற்சி முகாமில் இரண்டு கெர்வாண்டா பிரேம்களில், ஹேண்டிலைத் தாங்கும் முன்குழாயின் ஒட்டு விட்டுவிட்டது. பசை. உள்ளே தண்ணீர் போய் வெள்ளைப் பொடியாகிறது. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அணி மேலாளர் வான் ஹூக்கிடம் காட்டினேன். "கம்பெனிக்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றார். ஸ்லாபிங்க் பார்த்துவிட்டான். "இதுல நான் ஏற மாட்டேன். வேற கொண்டா, என்ன ஸ்டிக்கர் வேணா ஒட்டிக்கோ" என்றான். அவன் பெரிய ஆள், அவன் கேட்டால் கிடைக்கும். உலகத்திலேயே நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பிரேம் ஒன்றுதான். அதனால் உன்னிடம் வந்தேன். நீ நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

மற்ற ஏழு பேரும் பழையதிலேயே ஓடினார்கள்.

ஸ்டாஃபை உனக்குத் தெரியும், மீசைக்காரர், இரண்டு குழந்தைகள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பந்தயத்தில் இறக்கத்தில் அவருடைய முன்குழாய் பிய்த்துக்கொண்டது. முகம் நேராகத் தரையில். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இடது கண் பார்வை திரும்புமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. உங்களுக்குப் பக்கத்திலுள்ள கென்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உடைந்த பிரேமை அன்றே வான் ஹூக் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேப்பரில், "வீரரின் கவனக்குறைவு" என்று வந்தது. அவர் இடத்துக்குப் புது ஆள் ஒருவனை எடுத்துவிட்டார்கள்; அவனும் கெர்வாண்டாவில்தான் ஓடுகிறான்.

பிப்ரவரி ஆறாம் தேதி சீசனின் கடைசிப் பெரிய பந்தயம். ஸ்லாபிங்க் இன்னும் நான்கு கேட்கிறான். எனக்காக இல்லாவிட்டாலும் செய்து கொடு.

கமீல்


லோகரன்,
10 ஜனவரி 1994

கமீலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஓமர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மழையில் நின்றார். இருமல்காரர்.

நான் மறுநாள் கென்ட்டுக்குப் போனேன். ஸ்டாஃப் தூங்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்கக் கட்டு, வாயில் கம்பி, மூக்கில் குழாய். அவர் மனைவி மியா நடைபாதையில் உட்கார்ந்து பையன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"கமீலோட அக்காவா! வாங்க, உட்காருங்க. கமீல் தங்கமான ஆளுங்க. தினம் போன் பண்ணி விசாரிக்கறாரு. மத்தவங்க ஒருத்தரும் பண்ணல. இவருதான் இறக்கத்துல பிரேக்க விட்டுட்டாருன்னு சொல்றாங்க. பதினாலு வருஷமா ஓட்டறாருங்க. பிரேக்க விடுவாரா?"

வாங்கிப்போன திராட்சையை அவள் மடியில் வைத்துவிட்டுக் குற்றவாளி மாதிரி வெளியே வந்தேன். என்னை அந்தப் பெண்ணுக்கு முன்னால் அப்படி நிற்கவைத்தவன் நீ. அவளுக்குத் தினமும் போன் செய்கிறாயாமே! என்ன விசாரிக்கிறாய்? உண்மை தெரிந்துவிட்டதா என்றா?

ஸ்லாபிங்குக்கு உயிர், மற்ற ஏழு பேருக்கு மட்டும் என்ன, உமியா? எனக்குப் பெயர் போனது பற்றி ஒரு மாதம் கத்தினேன். இப்போது அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நீ செப்டம்பரிலேயே எனக்கு எழுதியிருக்கலாம். "அக்கா, ஏழு பேர் சாகப் பார்க்கிறார்கள்" என்று ஒரு வரி. அதற்குப் பதில் ஃப்ரை என்று எழுதினாய்.

நான்கு பிரேம் கிடையாது. எட்டுப் பேருக்கும் என்றால் நானும் ஓமரும் ஊரிலுள்ள இரண்டு வெல்டர்களையும் வைத்துக்கொண்டு தூங்காமல் செய்து தருகிறேன். பெயர்கூட வேண்டாம். எட்டுப் பேருக்கு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை. வான் ஹூக்கிடம் சொல்.

மியாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவன் நீ.

ஹெர்லிண்டா


வெட்சிகோன்,
18 ஜனவரி 1994

அக்கா,

வான் ஹூக்கிடம் சொன்னேன். சிரித்தார். "உங்க அக்கா செய்யற சைக்கிள்ல எட்டுப் பேரும் ஓடுனா, கம்பெனி எங்க பிரேமுக்கு என்ன ஆச்சுன்னு ஊரே கேக்கும். ஒருத்தன்னா மறைக்கலாம். எட்டுப் பேர எப்படிய்யா மறைக்கறது?" என்றார். கம்பெனி புதிய பசையில் புதுப் பிரேம்கள் அனுப்பியிருக்கிறதாம். பிரித்துப் பார்த்தேன். அதே பசை, புதுச் சாயம்.

மியாவிடம் சொன்னால் எனக்கு வேலை போகும். வேலை மட்டுமில்லை, இந்தத் தொழிலில் எந்த அணியும் என்னைச் சேர்க்காது. எனக்கு வேறு என்ன தெரியும்? பட்டறையையும் உன்னிடம் விட்டுவிட்டு வந்தவன். நான் என்ன செய்ய வேண்டும், நீயே சொல். செய்கிறேன்.

கமீல்


லோகரன்,
22 ஜனவரி 1994

கமீலுக்கு,

சொல்லமாட்டேன்.

நான் சொல்லி நீ செய்தால் நாளைக்கு, "அக்கா சொன்னாள்" என்பாய். உனக்கு முப்பத்தொன்பது வயது.

இன்னும் ஏழு பேரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும்.

ஹெர்லிண்டா


கென்ட், ரயில் நிலைய விடுதி,
8 பிப்ரவரி 1994

அக்கா,

நீயும் அத்தானும் நலமா? ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்திருந்தால் எங்கள் அணி ஓடவில்லை என்று தெரிந்திருக்கும். "தொழில்நுட்பக் காரணம்" என்று சொன்னார்களாம்.

காலையில் வீரர்கள் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேனைத் திறந்தேன். கெர்வாண்டா பிரேம்கள் இருபத்தொன்று. ஒவ்வொன்றையும் ஸ்டாண்டில் மாட்டி, முன்குழாய்க்குப் பின்னால் ரம்பத்தால் அறுத்தேன். அலுமினியம் சீக்கிரம் அறுபடும். ஒன்பதில் பசை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டில் ரம்பம் குழாயைத் தாண்டுமுன்னரே கையோடு வந்துவிட்டது. கடைசி நான்கு மீதி இருந்தபோது வான் ஹூக் வந்தார்.

"டேய், பைத்தியமாடா உனக்கு? போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் பாக்கட்டும்" என்றேன். சத்தம் கேட்டு வீரர்கள் வந்துவிட்டார்கள். பொடியாக உதிர்ந்த ஒரு குழாயை எடுத்து அவர்களில் ஒருவர் கையில் கொடுத்தேன். அவர் விரலால் சுரண்டினார். அந்தப் பொடி அவர் ஷூ மேல் விழுந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஸ்லாபிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சைக்கிளில் ஒரு கீறல் இல்லை. நான் அதைத் தொடவில்லை. "நீ ஓடு, உனக்கு ஒன்னும் ஆகாது. அது எங்க அக்கா செஞ்சது" என்றேன். அவன் ஓடவில்லை. மற்றவர்கள் பார்த்த பார்வையில் அவனால் அந்தச் சைக்கிளைத் தொட முடியவில்லை.

வான் ஹூக் கொடுத்த வேலை அங்கேயே முடிந்தது. சொத்தை நாசம் செய்ததாக என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். நான் அறுத்ததில் பதினோரு துண்டைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மியா முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர்ல."

"அதுக்கப்புறம் இவரு எத்தனை பந்தயம் ஓடுனாரு?"

எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பாட்டுக் கோட்டில் நின்றவன் நான். "விழுந்ததுக்கு முன்னாடி பன்னிரண்டு" என்றேன்.

"பன்னிரண்டு தடவ அவரு தோளத் தட்டி அனுப்புனீங்க."

"ஆமா."

"போயிடுங்க. சாக்க வெச்சுட்டுப் போங்க... இல்ல, எடுத்துட்டுப் போங்க, அத என் கண்ணால பாக்க முடியல."

இரண்டு நாளாக இந்த விடுதியில் இருக்கிறேன். சாக்கு கட்டிலுக்கு அடியில். எங்கே போவதென்று தெரியவில்லை. உன் முகத்தில் விழிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்.

கமீல்


லோகரன்,
10 பிப்ரவரி 1994

கமீலுக்கு,

கென்ட்டிலிருந்து லோகரனுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கும் தபால்தலை ஒட்டுகிறாய்! உன்னை என்ன சொல்வது?

பாராட்டு எதிர்பார்க்காதே. செப்டம்பரில் அறுத்திருக்க வேண்டியதைப் பிப்ரவரியில் அறுத்திருக்கிறாய். நடுவில் ஒரு மனிதரின் கண் போய்விட்டது. டாக்டர்கள் செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார்களாம். உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். உன்மேல் உள்ள கோபம் எனக்கு இந்த ஜென்மத்தில் தீருமா என்று தெரியவில்லை. என்மேலும்தான் கோபம். அந்த நடைபாதையில் திராட்சையை வைத்துவிட்டு ஓடிவந்தவள் நான்.

நேற்று மியா இங்கே வந்தாள், பையனைக் கூட்டிக்கொண்டு. பட்டறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "அந்த ஆள நான் மன்னிக்கப் போறதில்லங்க. ஆனா கோர்ட்டுல நின்னு சொல்றதுக்கு அவர விட்டா எனக்கு யாரு இருக்கா? ஸ்டாஃப் பிரேக்க விடலன்னு நாலு பேர் காதுல விழணும். அவரு சொல்வாரா?" என்று கேட்டாள்.

"சொல்வான்" என்றேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். துண்டுகளைப் பார்க்க வேண்டுமாம். என் டேப்பும் அளவுத்தாளும் ஏற்கெனவே அவரிடம் இருக்கின்றன. ஸ்லாபிங்குக்கு நான் ஏன் பிரேம் செய்தேன் என்று கேட்டால், ஃப்ரையின் கதையையும் சொல்வேன். நீ பொய் சொன்னாய் என்றும் சொல்வேன். அதையும் கேட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் வந்து சேர். ஸ்டேஷனுக்கு நான் வருவேன். கட்டிப்பிடிப்பதற்கு அல்ல. பதினோரு துண்டு உள்ள சாக்கு கனமாக இருக்கும். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஹெர்லிண்டா